வெள்ளெழுத்தை வென்ற வில்லை

பொற்கொல்லர் தம் தொழிலில் முழுத் தேர்ச்சி பெறுவதற்குப் பல ஆண்டுகள் செல்கின்றன. இளமையில் ஊதுகுழலும் குறடும் பிடிக்கத் தொடங்கியவர் நாற்பது வயதை நெருங்கும்போதுதான் எண்ணியதை எண்ணியவாறே செய்து முடிக்கும் கைத்திறனை அடைகிறார். அவ்வேளையிலேயே அவருடைய கண் பின்வாங்கத் தொடங்குகிறது. பற்றவைக்க வேண்டிய இடம் மங்கித் தெரிகிறது. கல் பதிக்கும் குழியின் விளிம்பு கலங்கித் தோன்றுகிறது. நகையை எட்டப் பிடித்தால் தெளிவு பிறக்கிறது. ஆனால் எட்டப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய இயலாது. ஊசியில் நூல் கோக்கும் தையற்காரர், அறுந்த இழையை முடியும் நெசவாளர், பேரேடு எழுதும் கணக்கர், அரிசியில் கல் பொறுக்கும் இல்லத்தரசி ஆகிய அனைவருக்கும் இதே நிலைதான்.

இக்குறையைத் தமிழில் வெள்ளெழுத்து என்பர். சாளேசுரம் என்ற வழக்கும் உண்டு. நாற்பதைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லின் அடியாக அது பிறந்தது. இது நோயன்று, மூப்பின் இயல்பு. செல்வர், வறியவர், கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடின்றி எல்லாரையும் வந்தடைவது. பல்லாயிரம் ஆண்டுகளாக நுண்ணிய தொழில் செய்வோரின் உழைப்பு நாட்களைப் பாதியில் முறித்து வந்த இக்குறையை இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகள் நீக்கிவிட்டன.

மூக்குக் கண்ணாடி தோன்றி ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றன. கருவி எளியது, அதன் வரலாறு அத்துணை எளியதன்று. முதல் முந்நூறு ஆண்டுகள், அது ஏன் பயன்படுகிறது என்பதை அறியாமலே மக்கள் அதனைப் பயன்படுத்தினர். காரணம் விளங்கிய பின்னரும் இருநூற்றைம்பது ஆண்டுகள் வரை கண்ணின் குறையைச் செம்மையாக அளக்கும் முறை ஏற்படவில்லை. அளவும் கைவந்த பின்னர், தேவைப்படுவோர் அனைவருக்கும் அதனைக் கிட்டச் செய்வது எவ்வாறு என்ற கேள்வி இன்றும் எஞ்சி நிற்கிறது.

கண்ணில் நிகழும் மாறுதல்

இவ்வரலாற்றைப் புரிந்துகொள்வதற்குக் கண்ணின் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம். கண்ணின் முன்புறத்தில் பளிங்கு போன்ற கருவிழிப்படலம் உள்ளது. அதன் பின்னே விழிவில்லை அமைந்திருக்கிறது. பொருள்களிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை இவ்விரண்டும் வளைத்து, கண்ணின் பின்சுவராகிய விழித்திரையின்மீது குவிக்கின்றன. ஒளியை வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழிப்படலமே செய்துவிடுகிறது. எனினும் அதன் வடிவம் மாறுவதில்லை. தொலைவிலுள்ள மரத்தையும் கையிலுள்ள நூலையும் மாறி மாறிப் பார்ப்பதற்கு வேண்டிய மாற்றத்தை விழிவில்லையே செய்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது அது தடித்து உருள்கிறது. தொலைவைப் பார்க்கும்போது மெலிந்து தட்டையாகிறது.

இவ்வாறு உருமாறும் ஆற்றல் இளமையில் மிகுதி. வயது ஏற ஏற வில்லை விறைத்து, அவ்வாற்றல் குன்றுகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள எழுத்தையும் தெளிவாகக் காண்பான். நாற்பது வயதில் அவ்வெல்லை ஏறத்தாழ 22 சென்டிமீட்டருக்கு விலகுகிறது. ஐம்பது வயதில் 40 சென்டிமீட்டர். அறுபதில் ஒரு மீட்டர் அளவாகிறது. புத்தகத்தை எட்ட எட்டப் பிடித்துக் கடைசியில் கையின் நீளம் போதாமற்போகும் நாளே மூக்குக் கண்ணாடி தேவைப்படும் நாள். நடுவில் தடித்த குவிவில்லை ஒன்றைக் கண்ணின்முன் வைத்தால், விழிவில்லையால் இயலாமற்போன வேலையை அது செய்து கொடுக்கிறது.

வேறு குறைகளும் உண்டு. கண்கோளம் இயல்பான அளவைவிட நீண்டிருந்தால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகிறது. இது கிட்டப்பார்வை. இதற்கு நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த குழிவில்லை வேண்டும். கண்கோளம் குறுகியிருந்தால் கதிர்கள் விழித்திரைக்குப் பின்னரே குவியும் நிலையில் இருக்கின்றன. இது தூரப்பார்வை. இதற்குக் குவிவில்லை வேண்டும். இவை இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். இவற்றை அறிவதற்கு மனித குலம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

படிகமும் வைடூரியமும்

வளைந்த பளிங்கு ஒளியைக் குவிக்கும் என்பது பழங்காலத்தார் அறியாததன்று. அசீரியரின் தலைநகராக விளங்கிய நிம்ருது நகரின் அழிபாடுகளில், படிகக் கல்லில் தேய்க்கப்பட்ட வில்லை போன்ற பொருள் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அணிகலனாகப் பயன்பட்டதோ, உருப்பெருக்கியாகப் பயன்பட்டதோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் செனக்கா, நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையின் வழியே நோக்கினால் சிறிய எழுத்துகள் பெரியனவாகத் தெரிவதை எழுதிவைத்தார். எனினும் அந்நிகழ்ச்சியைக் கண் குறைக்கு மருந்தாக்கலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் எழவில்லை.

கெய்ரோவில் வாழ்ந்து 1040ஆம் ஆண்டளவில் மறைந்த அரபு அறிஞர் இப்னு அல்-ஹைத்தம் ஒளியைப் பற்றிய தெளிவான ஆராய்ச்சிக்கு வழிவகுத்தார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று அவர் நிறுவினார். அவருடைய ஒளியியல் நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவியது. அதன் வழியில் வந்த ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேக்கன், உருண்டையின் ஒரு பகுதியாக வெட்டிய பளிங்கை எழுத்தின்மேல் வைத்தால் முதியோருக்கும் பார்வை மங்கியோருக்கும் படிக்க எளிதாகும் என்று 1267ஆம் ஆண்டளவில் எழுதினார். ஏட்டின்மேல் வைத்து நகர்த்தும் இத்தகைய கற்கள் ஐரோப்பிய மடங்களில் பயன்பட்டு வந்தன.

இக்கற்களின் பெயர் வரலாற்றில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடியைப் 'பிரில்லெ' என்பர். கனிம நூலார் 'பெரில்' என்று கூறும் கல்லின் பெயரிலிருந்து அச்சொல் வந்தது. பெரில் என்பதோ கிரேக்க மொழியின் வழியாக, 'வேளுரிய' என்ற பிராகிருதச் சொல்லிலிருந்து சென்றதென மொழியறிஞர் கருதுவர். வடமொழியில் அதுவே வைடூரியம். ரோமானியர் விரும்பி வாங்கிய இக்கல் கொங்கு நாட்டில் காங்கயத்தை அடுத்த படியூரில் வெட்டி எடுக்கப்பட்டது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழ்வாய்வில் இக்கல்லையும் படிகத்தையும் கொண்டு மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. கொங்கு நாட்டுக் கல்லின் பெயர் இவ்வாறு நெடுந்தூரம் பயணம் செய்து ஐரோப்பியரின் மூக்கின்மேல் அமர்ந்தது.

பீசா நகரத்துத் துறவி

ஏட்டின்மேல் வைத்த வில்லையைக் கண்ணின் அருகே கொண்டுவந்ததே மூக்குக் கண்ணாடியின் பிறப்பு. இது வெறும் இடமாற்றம் அன்று. கண்ணருகே வைக்கும் வில்லை தடித்த உருப்பெருக்கியாக இருத்தல் கூடாது. வளைவு குறைந்ததாகவும் குமிழியற்றதாகவும் இருத்தல் வேண்டும். அத்தகைய கண்ணாடியை உருக்கவும் தேய்க்கவும் வல்ல கைவினைஞர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் இருந்தனர்.

1306ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் புளோரன்சு நகரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் ஜியோர்தானோ என்ற துறவி சமயச் சொற்பொழிவு ஆற்றினார். நன்றாகப் பார்க்க உதவும் கண்ணாடிகளைச் செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றும், அதனை முதன்முதலில் செய்தவரைத் தாம் நேரில் கண்டு பேசியதாகவும் அவர் கூறினார். அக்கூற்றைக் கொண்டே மூக்குக் கண்ணாடி 1286ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியதெனக் கணக்கிடுகின்றனர். ஆனால் அம்மனிதரின் பெயரைத் துறவி சொல்லவில்லை.

ஜியோர்தானோவின் சபையைச் சேர்ந்த அலெஸ்சாந்திரோ தெல்லா ஸ்பீனா என்பவர் பீசா நகரில் வாழ்ந்து 1313இல் மறைந்தார். அவர் வாழ்ந்த மடத்தின் குறிப்பேடு சுவையான செய்தி ஒன்றைத் தருகிறது. வேறொருவர் மூக்குக் கண்ணாடி செய்ததையும், அந்த முறையை அவர் பிறருக்குக் கூற மறுத்ததையும் ஸ்பீனா கண்டார். பின்னர்த் தாமே முயன்று அதனைச் செய்து, கேட்டவர்க்கெல்லாம் மகிழ்ச்சியோடு கற்றுக் கொடுத்தார். முதலில் கண்டவரின் பெயர் மறைந்துவிட்டது; கற்றுக் கொடுத்தவரின் பெயர் நிலைத்துவிட்டது. சால்வினோ தெலி அர்மாத்தி என்ற புளோரன்சு நகரத்தாரே இதனைக் கண்டுபிடித்தவர் என்று 1684இல் வெளிவந்த நூல் ஒன்று கூறியது. அக்கூற்றை நெடுநாள் பலர் நம்பினர். ஆதாரமற்ற புனைவு அது என்பது 20ஆம் நூற்றாண்டில் தெளிவாயிற்று.

கலை விரைந்து பரவியது. வெனிஸ் நகரத்துப் படிகத் தொழிலாளர் சங்கம் 1300ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கான வில்லைகளைத் தன் விதிகளில் குறிப்பிட்டது. சாதாரணக் கண்ணாடியைப் படிகம் என்று சொல்லி விற்கலாகாது என்பது அவ்விதி. பொருள் சந்தைக்கு வந்தவுடன் போலியும் உடன் வந்துவிட்டது போலும்! இத்தாலியிலுள்ள திரெவீசோ நகரத்து மடச் சுவரில் 1352இல் தொமாசோ தா மோதெனா தீட்டிய ஓவியத்தில், ஒரு கர்தினால் மூக்குக் கண்ணாடி அணிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் காட்டும் ஓவியங்களுள் அதுவே மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. அந்தக் கர்தினால் 1263இல், அதாவது மூக்குக் கண்ணாடி தோன்றுவதற்கு முன்னரே, மறைந்தவர்! கற்றோர் என்றால் கண்ணாடி அணிந்தவர் என்ற எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது.

அக்காலக் கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பி கிடையாது. கைப்பிடியுள்ள இரண்டு வட்டச் சட்டங்களை ஓர் ஆணியால் இணைத்து மூக்கின்மேல் இடுக்கிக்கொண்டனர். இவ்வகைக் கண்ணாடிகள் சில, ஜெர்மனியில் வீன்ஹௌசன் கன்னிமாடத்தில் தரைப் பலகைகளின் இடுக்குகளிலிருந்து 1953இல் கிடைத்தன. வழிபாட்டு நேரத்தில் தவறி விழுந்தவையாதல் வேண்டும். இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய மூக்குக் கண்ணாடிகள் அவையே.

இளையோருக்கும் கண்ணாடி

முதலில் தோன்றியவை யாவும் முதியோருக்கான குவிவில்லைகளே. எழுத்தைப் பெரிதாக்கும் வில்லை படிக்க உதவும் என்பது எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. பொருளைச் சிறிதாக்கிக் காட்டும் குழிவில்லை பார்வைக்கு உதவும் என்பதோ எளிதில் நம்பத்தக்கதன்று. ஆகவே கிட்டப்பார்வை உடையோர் மேலும் ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்தனர்.

1462ஆம் ஆண்டில் மிலான் நகரத்துச் சிற்றரசர் பிரான்செஸ்கோ ஸ்போர்சா, புளோரன்சிலிருந்த தம் தூதருக்கு ஒரு மடல் விடுத்தார். மூன்று டஜன் மூக்குக் கண்ணாடிகளை வாங்கி அனுப்புமாறு அதில் கேட்டிருந்தார். அவற்றுள் ஒரு டஜன் தொலைவில் பார்ப்பதற்காக இளையோருக்கு வேண்டியவை, ஒரு டஜன் அருகில் பார்ப்பதற்காக முதியோருக்கு வேண்டியவை, எஞ்சியவை பொதுவானவை. இளையோருக்கான கண்ணாடி என்றதனால், கிட்டப்பார்வைக்கான குழிவில்லை அக்காலத்தில் கடைப்பொருளாகவே ஆகிவிட்டது என்பது விளங்கும். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அவருடைய மகன் இருநூறு கண்ணாடிகளுக்கு ஆணை அனுப்பினார். ஐந்தைந்து ஆண்டுகளாக வயதைப் பகுத்து, ஒவ்வொரு வயதினருக்கும் இத்தனை என்று அந்த ஆணை குறித்தது. கண்ணை அளக்கத் தெரியாத காலத்தில் வயதே அளவுகோலாக நின்றது.

அதே காலத்தில் கூட்டன்பர்க்கின் அச்சுக்கலை பரவத் தொடங்கியது. நூல்கள் பெருகின, படிப்போர் பெருகினர், தம் கண்ணில் குறை உள்ளதை அறிந்தோரும் பெருகினர். தெருத் தெருவாகக் கூடையில் மூக்குக் கண்ணாடி விற்போர் தோன்றினர். வாங்குவோர் ஒன்றன்பின் ஒன்றாக அணிந்து பார்த்து, தெளிவாகத் தெரிவதை எடுத்துக்கொண்டனர்.

மருத்துவ உலகம் இதனை உடனே வரவேற்கவில்லை. டிரெஸ்டனில் புகழ்பெற்ற கண் மருத்துவராக விளங்கிய ஜியார்ஜ் பார்ட்டிஷ், 1583இல் வெளியிட்ட தம் நூலில் மூக்குக் கண்ணாடியை வேண்டாமென்று ஒதுக்கினார். கண்ணின்முன் ஒரு பொருளை வைத்துப் பார்ப்பதைவிட ஒன்றும் வையாமல் பார்ப்பதே நலம் என்பது அவர் கருத்து. அதற்கு மாறாகக் கூறத்தக்க விளக்கம் அன்று எவரிடமும் இல்லை.

காரணம் விளங்கிய காலம்

அவ்விளக்கத்தை அளித்தவர் ஒரு வானியலார். சிறு வயதில் அம்மை நோயால் பார்வை குன்றியவரான யோகானஸ் கெப்ளர், 1604ஆம் ஆண்டு வெளியிட்ட ஒளியியல் நூலில் கண்ணின் செயலைத் தெளிவுபடுத்தினார். காட்சி நிகழும் இடம் விழிவில்லை என்றே அதுவரை எண்ணியிருந்தனர். விழிவில்லை ஒளியைக் குவிக்கும் உறுப்பே என்றும், பொருளின் பிம்பம் தலைகீழாக விழித்திரையின்மீது விழுகிறது என்றும் கெப்ளர் காட்டினார். கிட்டப்பார்வை உடையோருக்குப் பிம்பம் விழித்திரைக்கு முன்னே குவிவதால் குழிவில்லையும், வெள்ளெழுத்து உடையோருக்குப் பின்னே குவிவதால் குவிவில்லையும் பயன்படுகின்றன என்று அவர் கூறினார். மூன்று நூற்றாண்டுகளாகக் கைவினைஞர் செய்து வந்ததற்குப் பொருள் விளங்கியது.

கைவினைஞரும் அறிவியலுக்குக் கைம்மாறு செய்தனர். ஹாலந்து நாட்டில் மிடல்பர்க் நகரத்து மூக்குக் கண்ணாடித் தொழிலாளரான ஹான்ஸ் லிப்பர்ஷே, 1608இல் இரண்டு வில்லைகளைக் கொண்டு தொலைநோக்கி ஒன்றைச் செய்து அதற்கு உரிமை கோரினார். அடுத்த ஆண்டே கலிலியோ தாமே செய்த தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பினார். கிழவர்கள் படிப்பதற்கென்று தேய்த்த வில்லை வியாழனின் துணைக்கோள்களைக் காட்டிற்று.

1623இல் செவில் நகரில் தாஸா தெ வால்தேஸ் என்பவர் மூக்குக் கண்ணாடியைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு தனி நூல் வெளியிட்டார். வில்லைகளைப் பாகை என்ற அளவால் வரிசைப்படுத்தி, இன்ன வயதினருக்கு இத்தனை பாகை என்ற அட்டவணையையும் தந்தார். 1629இல் இலண்டன் மூக்குக் கண்ணாடித் தொழிலாளர் சங்கம் முதலாம் சார்லஸ் மன்னரிடம் பட்டயம் பெற்றது. கைத்தொழில் ஒழுங்கான தொழிலாயிற்று.

மூக்கிலிருந்து காதுக்கு

வில்லை முன்னேறிய அளவுக்குச் சட்டம் முன்னேறவில்லை என்பது வியப்பே. நானூறு ஆண்டுகளாக மக்கள் மூக்குக் கண்ணாடியைக் கையால் பிடித்தனர்; மூக்கில் இடுக்கினர்; கயிற்றால் கட்டினர். 1730ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனைச் சேர்ந்த எட்வர்டு ஸ்கார்லெட் என்னும் கண்ணாடித் தொழிலாளர் பக்கக் கம்பிகள் வைத்த கண்ணாடியை விளம்பரம் செய்தார். 1752இல் ஜேம்ஸ் அய்ஸ்கோ என்பவர் கீல் வைத்து மடங்கும் இரட்டைக் கம்பிகளைக் கொண்ட சட்டத்தைச் செய்தார். இதனால் இரண்டு கைகளும் விடுதலை பெற்றன. படிப்போரின் கருவியாக இருந்த மூக்குக் கண்ணாடி இப்பொழுதுதான் தொழில் செய்வோருக்கும் முழுதும் உரியதாயிற்று.

வெள்ளெழுத்தும் கிட்டப்பார்வையும் ஒருங்கே உடையோர் இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிய வேண்டியிருந்தது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இருவகை வில்லைகளையும் பாதியாக வெட்டி, ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாகப் பொருத்தச் செய்தார். 1785ஆம் ஆண்டு மே மாதம் எழுதிய மடலில் அவர் இதன் நலத்தை விளக்கியுள்ளார். விருந்தில் தட்டிலுள்ள உணவையும் எதிரில் இருந்து பேசுவோரின் முகத்தையும் ஒருங்கே காண முடிவதால், அயல் மொழியாகிய பிரெஞ்சுப் பேச்சும் தமக்கு நன்றாக விளங்குகிறது என்பது அவர் அனுபவம்.

கண்ணை அளத்தல்

இத்துணை வளர்ச்சிக்குப் பின்னரும் சிலருக்கு எந்த வில்லையும் பயன்படவில்லை. 1801இல் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங், தம் கண் மேலும் கீழுமாக ஒருவகையாகவும் பக்கவாட்டில் வேறுவகையாகவும் ஒளியைக் குவிப்பதை அளந்து வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜியார்ஜ் ஏரி, ஒளிப்புள்ளி ஒன்று தம் இடக் கண்ணுக்குக் கோடாக நீண்டு தெரிவதைக் கண்டார். கோளமாக வளைந்த வில்லையால் இக்குறை தீராது. ஒரு திசையில் மட்டும் வளைந்த உருளை வடிவ வில்லை வேண்டும் என்று கணக்கிட்டு, 1825இல் அவ்வாறு செய்வித்து அணிந்துகொண்டார்.

இதன் பின்னர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அறிவு வேகமாகப் பெருகியது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதரின் விழித்திரையை நேரில் காண உதவும் கருவியை வெளியிட்டார். ஹாலந்து நாட்டு யூட்ரெக்ட் நகரத்து மருத்துவர் டாண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலில், வெள்ளெழுத்தும் தூரப்பார்வையும் வெவ்வேறு என்பதை ஐயமறத் தெளிவாக்கினார். முன்னது விழிவில்லையின் மூப்பால் வருவது, பின்னது கண்கோளத்தின் அமைப்பால் வருவது, குழந்தைகளிடமும் காணப்படுவது. குழந்தைகளின் மாறுகண்ணுக்குத் தூரப்பார்வை காரணமாவதுண்டு என்றும், தக்க கண்ணாடி அதனைப் போக்கக்கூடும் என்றும் அவர் காட்டினார்.

அவருடன் பணியாற்றிய ஸ்நெல்லன் 1862இல் எழுத்து அட்டையை வெளியிட்டார். மேலிருந்து கீழாக எழுத்துகள் சிறுத்துக்கொண்டு வரும் அவ்வட்டையை இன்று எந்தக் கண் மருத்துவமனையிலும் காணலாம். இயல்பான கண் 60 மீட்டர் தொலைவில் படிக்கக்கூடிய எழுத்தை ஒருவர் 6 மீட்டர் தொலைவில்தான் படிக்க இயலுமாயின், அவர் பார்வை 6/60 எனக் குறிக்கப்படும். 1872இல் பிரெஞ்சு மருத்துவர் மோனுவாயே, வில்லையின் திறனைக் குறிக்க 'டயாப்டர்' என்ற அலகைப் புகுத்தினார். ஒரு மீட்டர் தொலைவில் ஒளியைக் குவிக்கும் வில்லையின் திறன் 1 டயாப்டர். அரை மீட்டரில் குவிப்பது 2 டயாப்டர். குவிவில்லைக்குக் கூட்டல் குறியும் குழிவில்லைக்குக் கழித்தல் குறியும் இடுவர். கூடையில் தேடி எடுத்த பொருள், எழுதிக் கொடுத்த அளவுக்குச் செய்யும் பொருளாயிற்று.

இந்தியாவில்

போர்ச்சுகீசியரின் வருகையை ஒட்டி மூக்குக் கண்ணாடி இந்தியாவில் வழங்கத் தொடங்கியது. விசயநகரப் பேரரசின் காலத்தில் வாழ்ந்து 1539இல் மறைந்த மத்துவ சமயத் தலைவர் வியாசராயர், கண்ணாடியின் துணைகொண்டு ஏடு படித்ததாக அவர் வரலாற்றைக் கூறும் வடமொழி நூலில் குறிப்பு உள்ளது. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்யும் தொழில் தஞ்சையில் நெடுநாள் சிறந்து விளங்கியது. கல்லில் செய்த கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் என்று மக்கள் அதனை விரும்பினர். படிகம் கண்ணாடியைவிடக் கடினமானது; ஆகவே எளிதில் கீறல் விழாது என்பது உண்மை. ஆயினும் பார்வையைத் திருத்துவது வில்லையின் வளைவேயன்றி, அது செய்யப்பட்ட கல்லின் தன்மையன்று.

ஒளியியல் கருவிகளுக்கு வேண்டிய உயர்தரக் கண்ணாடியை உருக்குவது அரிய கலை. குமிழியோ வரியோ இன்றி, எங்கும் ஒரே சீரான தன்மையுடையதாக அது அமைதல் வேண்டும். 1950இல் கல்கத்தாவில் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இக்கலையை ஆராய்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கியது. இதற்கிடையே மூக்குக் கண்ணாடித் தொழிலில் கண்ணாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் கைப்பற்றத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான பிசின் வகை ஒன்று, 1947 முதல் வில்லை செய்யப் பயன்பட்டது. அதன் எடை கண்ணாடியில் ஏறத்தாழப் பாதி, எளிதில் உடையாது. 1959இல் பிரான்சில், மேலிருந்து கீழாகப் படிப்படியாகத் திறன் மாறும் வில்லை விற்பனைக்கு வந்தது. பிராங்க்ளினின் கண்ணாடியில் குறுக்கே ஓடிய கோடு மறைந்தது.

எஞ்சியுள்ள பணி

அறிவியல் தன் பங்கைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டது. வெள்ளெழுத்தைத் திருத்தும் கண்ணாடி மருத்துவக் கருவிகளுள் மிக மலிவானது. எனினும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வெள்ளெழுத்துக்குத் தக்க கண்ணாடி இன்றி அருகில் பார்க்க இடர்ப்படுவோர் 82 கோடிக்கு மேற்பட்டவர். அவர்கள் இழப்பது படிப்பின் இன்பத்தை மட்டுமன்று.

இதனை அஸ்ஸாம் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 2017இல் நிகழ்ந்த ஆய்வு எண்களால் காட்டியது. நாற்பது வயதைக் கடந்த, அருகில் பார்க்கும் திறன் குன்றிய 751 தொழிலாளர் அதில் பங்கு கொண்டனர். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு உடனே கண்ணாடி தரப்பட்டது. மறு பிரிவினருக்குத் தரப்படவில்லை. பருவம் முதிர முதிரத் தளிர் பெருகுமாதலால் இரு பிரிவினர் பறித்த அளவும் உயர்ந்தது. கண்ணாடி இல்லாதோரின் நாள் அளவு 26 கிலோவிலிருந்து ஏறத்தாழ 31 கிலோ ஆயிற்று. கண்ணாடி அணிந்தோரின் அளவோ 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாக உயர்ந்தது. கண்ணாடியால் மட்டும் விளைந்த மிகுதி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். பறித்த எடைக்கு ஏற்பக் கூலி பெறும் தொழிலாளரின் குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடன்று. 2018இல் வெளியான இவ்வாய்வு, வெள்ளெழுத்தை மூப்பின் தொல்லை என்று பொறுத்துக்கொள்வது வருவாய் இழப்பு என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

இந்திய அரசு 1976இல் பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக் குழந்தைகளின் கண்களைச் சோதித்து விலையின்றிக் கண்ணாடி வழங்குவது அத்திட்டத்தின் பணிகளுள் ஒன்று. இதன் இன்றியமையாமை எளிதில் விளங்கும். கரும்பலகை தெரியாத சிறுவன், தனக்குத் தெரியாதது பிறருக்குத் தெரிகிறது என்பதை அறிய வழியில்லை. உலகமே அவ்வாறு மங்கலானது என்று அவன் எண்ணுகிறான்; ஆசிரியர் அவனை மந்தன் என்று எண்ணுகிறார். உலக நாடுகள் 2021இல் கூடி, பார்வைக் குறைக்குத் தக்க கண்ணாடி பெறுவோரின் விகிதத்தை 2030ஆம் ஆண்டுக்குள் 40 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துவது என்று உறுதி பூண்டன.

இக்குறிக்கோளுக்குத் தடையாக நிற்பவற்றுள் தவறான எண்ணங்களும் சில. கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்பது அவற்றுள் ஒன்று. நாற்பதுக்கு மேல் கண்ணாடியின் திறனை இடையிடையே கூட்ட வேண்டியிருப்பது விழிவில்லை மேன்மேலும் விறைப்பதனாலேயே, கண்ணாடியினால் அன்று. ஆயத்தமாகக் கடையில் கிடைக்கும் கண்ணாடி வெள்ளெழுத்துக்கு உதவக்கூடும். ஆனால் இரு கண்களின் குறையும் வெவ்வேறாக இருக்கலாம். வலியின்றிப் பார்வையைக் கவரும் கண் அழுத்த நோய் உடன் மறைந்திருக்கலாம். ஆகவே நாற்பது வயதானவர் ஒரு முறையேனும் கண்ணை முறையாகச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

பீசா நகரத்துத் துறவி செய்த பணி இரண்டு: ஒன்று, கண்ணாடியைச் செய்தது, மற்றொன்று, கேட்டவர்க்கெல்லாம் அக்கலையை வழங்கியது. முதற்பணி இன்று மிக உயர்ந்த நிலையை எட்டிவிட்டது. இரண்டாம் பணி முடியும் நாளில், நாற்பது வயதில் கைத்திறன் முதிர்ந்த பொற்கொல்லர் கண்ணுக்காகத் தொழிலைக் கைவிட வேண்டியிராது.